லீவா, வேலை மாற்றமா, விலகலா? போதை மீட்பு மையத்தில் சோர்ந்து போனவர்களுக்கு ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் போதை மீட்பு மையங்களில் வேலை பார்ப்பவர்களோடு பேச உட்கார்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து நிற்கும். "அக்கா, பேசாம இந்த வேலைய விட்டுறலாமான்னு இருக்கு." சொல்பவர் கவுன்சலராக இருப்பார், ஸ்டாஃப் நர்ஸாக இருப்பார், ராத்திரி வார்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பியாக இருப்பார். சொல்லும்போதே பாதி முடிவு எடுத்திருப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது, இல்லையென்றால் விட்டுவிட்டுப் போவது என்ற இரண்டு வழிதான் அவர் கண்ணுக்குத் தெரியும்.

நடுவில் வேறு வழிகளும் உண்டு. லீவு போடலாம். அதே மையத்தில் டியூட்டியை மாற்றிக் கேட்கலாம். மூத்தவர் ஒருவரிடம் கேஸ்களைக் கொண்டுபோய்ப் பேசலாம். இதே படிப்பை வைத்துக்கொண்டு பக்கத்து வேலைக்கு நகரலாம். இவற்றில் எதற்கு என்ன செலவு, எது எவ்வளவு நாள் தாங்கும், யாருக்கு எது ஒத்துவரும் என்று பார்ப்போம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லீவுதான் எல்லோரும் முதலில் கேட்பது, பலன் சீக்கிரம் கரைவதும் அதுதான். டியூட்டி மாற்றமும் கேஸ் பேச்சும் சேர்ந்தால்தான் சோர்வின் வேருக்குப் போக முடியும். விலகல் சிலருக்குச் சரியான முடிவு. அந்தச் சிலர் யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், எந்தச் சோர்வு?

பர்ன்அவுட், அதாவது பணிச்சோர்வு என்று இப்போது எல்லாத் துறையிலும் பேசுகிறார்கள். ஆனால் அதன் ஆரம்பமே நம் துறையில்தான். ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் நியூயார்க்கில் ஓர் இலவச கிளினிக்கில் வேலை பார்த்தார். போதையில் சிக்கிய இளைஞர்கள் நிறைய வந்த இடம் அது. அங்கே உற்சாகமாக வந்து சேர்ந்த தொண்டர்கள் சில மாதங்களில் எரிச்சலும் களைப்புமாக மாறுவதைப் பார்த்து, தனக்கும் அது நேர்ந்ததை வைத்து, 1974-ல் எழுதிய கட்டுரைதான் இந்த விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. அப்புறம் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-ல் இதை அளக்க ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். அவர்கள் இதை மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்று, மனமும் உடம்பும் வற்றிப்போகும் களைப்பு. இரண்டு, நோயாளி மேல் மரத்துப் போவது. மூன்று, நான் செய்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்ற எண்ணம்.

நம் முடிவுக்கு இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பது ரொம்ப முக்கியம். காலையில் அலாரம் அடிக்கும்போதே அழுகை வருகிறது, ஆனால் வார்டுக்குள் போய்விட்டால் நோயாளியிடம் பிரியமாகத்தான் பேசுகிறேன் என்றால் அது களைப்பு. ஓய்வும் ஆள் பலமும்தான் அதற்கு மருந்து. நன்றாகத் தூங்குகிறேன், ஆனால் நோயாளியின் அம்மா அழும்போது மனதுக்குள் "இவன் எங்க திருந்தப் போறான்" என்று ஓடுகிறது என்றால் பத்து நாள் கொடைக்கானலில் உட்கார்ந்தாலும் அது போகாது.

இதைக் கண்டுபிடிக்க கோபன்ஹேகன் கேள்வித்தாள் வசதியானது. 2005-ல் வெளியானது, இலவசம், மொத்தம் 19 கேள்விகள். சொந்தச் சோர்வு, வேலைச் சோர்வு, நோயாளிகளால் வரும் சோர்வு என்று தனித்தனியாக மதிப்பெண் வரும். இன்னொரு நாள் வேலை இருக்கிறதே என்று காலையிலேயே அலுப்பாக இருக்கிறதா என்பது வேலைப் பகுதிக் கேள்வி. இன்னும் எவ்வளவு நாள் இவர்களோடு வேலை பார்க்க முடியும் என்று யோசிக்கிறீர்களா என்பது நோயாளிப் பகுதிக் கேள்வி. முதலாவது ஏறி இரண்டாவது இறங்கியிருந்தால் உங்களுக்கு நோயாளிகள் அலுக்கவில்லை, நிர்வாகம்தான் அலுத்திருக்கிறது.

இன்னொரு விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் (ஐ.சி.டி.-11) இதை நோய் என்று சேர்க்கவில்லை. பணியிடத்தில் நீண்ட நாள் சரிசெய்யப்படாத அழுத்தத்தால் வருவது என்று வைத்திருக்கிறது. ஆனால் மனச்சோர்வு நோய், அதாவது டிப்ரஷன், கட்டாயம் நோய்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு வேலையை விட்டவர்கள் உண்டு. பணிச்சோர்வு பெரும்பாலும் மையத்தின் கேட்டைத் தாண்டினால் கொஞ்சம் லேசாகும். அக்கா மகள் காதுகுத்துக்குப் போயிருக்கிறீர்கள், சொந்தபந்தம் எல்லாம் சிரித்துப் பேசுகிறது, அங்கேயும் ஒன்றும் ஒட்டவில்லை, பசி இல்லை, விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு, செத்தால் தேவலை என்ற நினைப்பு என்றால் ஒப்பீட்டை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். காரைக்குடியில் பார்க்கச் சங்கடம் என்பது எனக்குப் புரிகிறது. உங்கள் மையத்துக்கு விசிட் வரும் டாக்டரே கிளினிக்கிலும் உட்கார்ந்திருப்பார். மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறுங்கள். அதுவும் முடியாத ராத்திரியில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் போன் போடலாம், தமிழில் பேசுவார்கள்.

லீவு

லீவின் பலன் எவ்வளவு நாள் தாங்கும் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். இஸ்ரேலில் ஒரு நிறுவனத்தின் எழுத்தர்களை லீவுக்கு முன்னும் பின்னும் அளந்து 1997-ல் வெளியிட்ட ஆய்வில், லீவில் குறைந்த சோர்வு, வேலைக்குத் திரும்பி மூன்று வாரத்துக்குள் பழைய அளவுக்கே வந்துவிட்டது. அவர்கள் பார்த்தது எழுத்து வேலை. ராத்திரி வலிப்பு வரும் நோயாளியைப் பார்த்துக்கொள்கிற வேலையில் மூன்று வாரம் தாங்கினால் பெரிய விஷயம்.

அதற்காக லீவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வெறும் களைப்புக்கு லீவுதான் சரி. ஆனால் எப்போது போடுகிறோம் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. எங்கள் பக்கம் அட்மிஷனுக்குப் பருவம் உண்டு. கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டவர், பழனிக்கு நடக்க விரதம் எடுத்தவர் என்று ஊரில் பாதிப் பேர் பாட்டிலைத் தொடாமல் இருப்பார்கள். வீட்டிலும் "சாமியே நிப்பாட்டிட்டாரு" என்று நம்பிக்கையாக இருப்பார்கள். பொங்கல், சிராவயல் மஞ்சுவிரட்டு, தைப்பூசம் எல்லாம் முடிந்து மாலையைக் கழற்றிய கையோடு விட்டதை எல்லாம் சேர்த்துப் பிடிப்பார்கள். தை கடைசி, மாசியில் வார்டு நிரம்பி வழியும். நம்மவர்கள் அந்த மாசியில்தான் கை ஓய்ந்துபோய் லீவு கேட்பார்கள். கொடுக்க ஆள் இருக்காது, மனக்கசப்புதான் மிஞ்சும். மார்கழியில் கேட்டுப் பாருங்கள், டைரக்டரே சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார்.

லீவில் மையத்தின் வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது சம்பளமில்லாத டியூட்டி. அதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன், ஆனால் எல்லோரும் பார்க்கிறார்கள்.

பணம்: சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. இருந்தால், மருத்துவர் சான்றோடு எடுக்கும் நோய் விடுப்புக்கு வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். டிப்ரஷன் என்று தெரிந்தவர்களுக்கு இது பெரிய கை. வெறும் பணிச்சோர்வுக்கு இது பொருந்தாது.

டியூட்டியை மாற்றிக் கேட்பது

வேலையை விட வேண்டும் என்று சொல்பவர்களிடம், எந்த மணி நேரத்தை விட வேண்டும் என்று கேட்டால் பதில் ரொம்பத் தெளிவாக வரும். பெரும்பாலும் முழு வேலையும் அவர்களுக்குப் பாரமாக இருப்பதில்லை. அதில் ஒரு துண்டுதான் உயிரை எடுக்கும்.

புது அட்மிஷன் வரும் ராத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். மைத்துனர், பெரியப்பா மகன், தெருக்காரர் என்று நாலு பேர் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கையெழுத்துப் போட்டதும் கிளம்பிவிடுவார்கள். பையைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வேண்டும். சட்டைக் காலர், வேட்டி மடிப்பு, பேஸ்ட் டியூப், சோப்பு டப்பா. வலி மாத்திரைப் பட்டையை நாலாக நறுக்கிச் செருப்பின் அட்டைக்குள் செருகியிருப்பார்கள். கண்டுபிடித்தால் உங்கள் அப்பா அம்மா வரைக்கும் வசவு. கண்டுபிடிக்காவிட்டால் காலையில் டைரக்டரிடம் வசவு. குடிநோயாளி என்றால் கடைசியாகக் குடித்த இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் நாலாம் நாள் டிலிரியம் என்ற மனக்குழப்பம் வந்து சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தலாம். சரியான நேரத்தில் மருந்து போகாவிட்டால் உயிருக்கே ஆபத்து. இந்த ராத்திரிகளை ஒரே நர்ஸ் மாதக்கணக்கில் தொடர்ந்து பார்த்தால், அவருக்கு அலுத்தது இந்தத் துறை என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

கவுன்சலருக்குப் பாரம் வேறு இடத்தில் இருக்கும். நோயாளியோடு பேசுவது அவருக்குப் பிடிக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு வரும் போன்தான் வதைக்கும். "மேடம், வந்துட்டாரு, கதவை உடைக்கிறாரு, நான் என்ன செய்ய?" என்று அழும் மனைவிக்கு அந்த நேரத்தில் கவுன்சலரால் செய்ய முடிவது கொஞ்சம்தான். ஆனால் அதற்கப்புறம் கவுன்சலரின் தூக்கம் போனது போனதுதான். சின்ன ஊரில் இது இன்னும் மோசம். கல்லுக்கட்டியில் காய் வாங்கும்போது நோயாளியின் அம்மா கையைப் பிடித்துக்கொள்வார். கல்யாண வீட்டுப் பந்தியில் எதிர் இலையில் டிஸ்சார்ஜ் ஆனவர் உட்கார்ந்திருப்பார், வாசனை அடிக்கும், நீங்கள் பார்க்காத மாதிரி சாம்பார் ஊற்றிக்கொள்ள வேண்டும்.

இந்தத் துண்டுகளை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். அட்மிஷன் ராத்திரிகளைச் சுற்று முறையில் பிரிப்பது, ஒருவர் தொடர்ந்து டீடாக்ஸ் வார்டில் (போதையை உடம்பிலிருந்து இறக்கும் முதல் கட்ட வார்டு) இருக்கும் காலத்துக்கு ஒரு வரம்பு, மையத்துக்கென்று தனி போன் வைத்து அதை டியூட்டியில் இருப்பவர் மட்டும் எடுப்பது, குடும்பத்தாருக்கான பேச்சை வாரத்தில் இரண்டு நாளாகக் கட்டுவது. வாய்ப்பேச்சாகக் கேட்டால் "பாக்கலாம்மா" என்ற பதிலோடு முடியும். ஒரு மாதக் கணக்கை எடுத்து, எத்தனை ராத்திரி, எத்தனை அட்மிஷன், எத்தனை போன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மூன்று மாதச் சோதனை என்று கேட்டால் நிர்வாகத்துக்கும் ஒத்துக்கொள்வது சுலபம்.

இதற்கு ஆராய்ச்சித் துணையும் இருக்கிறது. மருத்துவர்களின் பணிச்சோர்வைக் குறைக்கச் செய்த முயற்சிகளைத் தொகுத்து 2017-ல் ஒரு மதிப்பாய்வு வந்தது. தியானம், மன அழுத்தப் பயிற்சி என்று தனி ஆளைத் திருத்தும் முயற்சிகளைவிட, வேலை நேரத்தையும் வேலை முறையையும் மாற்றிய முயற்சிகளுக்கே கூடுதல் பலன் இருந்தது. வருடத்துக்கு ஒரு தடவை யோகா வகுப்பு நடத்திவிட்டு "ஸ்டாஃப் வெல்ஃபேர்" என்று ரிப்போர்ட் எழுதும் மையங்கள் இதை ஒட்டிவைத்துப் படிக்கலாம்.

இந்த வழியின் பலவீனமும் தெரிந்ததுதான். மானியத்தை நம்பி ஓடும் மையத்தில் பணம் தாமதமாகும், ஆள் போட மாட்டார்கள், நீங்கள் விட்ட ராத்திரியை இன்னொருவர் தலையில் கட்டுவார்கள். அந்த இன்னொருவர் உங்கள் தோழியாக இருந்தால் மனசு கேட்காது. அதனால் தனியாகக் கேட்காமல் மூன்று நான்கு பேர் சேர்ந்து கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

கேஸ் பேச்சு

கேஸ் பேச்சுக்குத் துறையில் மேற்பார்வை என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் ஊரில் ரிஜிஸ்டர் சரிபார்க்க வரும் ஆபீசர்தான் நினைவுக்கு வருகிறார். இது வேறு. அனுபவமுள்ள ஒருவரிடம் மாதம் ஒன்றிரண்டு தடவை உட்கார்ந்து, ஒரு நோயாளியைப் பற்றியும், அவரைப் பார்க்கும்போது நமக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றியும் பேசுவது. அமெரிக்காவில் போதை சிகிச்சை மையக் கவுன்சலர்களிடம் நடத்தி 2008-ல் வெளியான ஆய்வில், நல்ல மேற்பார்வை கிடைக்கிறது என்று சொன்னவர்களிடம் மனக்களைப்பும் வேலையை விடும் எண்ணமும் குறைவாக இருந்தன.

மரத்துப் போனவர்களுக்கும், பிரயோஜனமில்லை என்று நினைப்பவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு பேச்சு: கவுன்சலர் ஒருவர் நாலாவது தடவையாக அட்மிஷன் ஆன லேத் பட்டறைக்காரரைப் பற்றிப் பத்து நிமிஷம் கோபமாகப் பேசினார். கயிறு கட்டிப் பார்த்தாயிற்று, மாத்திரை கொடுத்துப் பார்த்தாயிற்று, மனைவி தாலியைக் கழற்றி மேஜையில் வைத்தும் பார்த்தாயிற்று, மூணு தடவையும் விழுந்துவிட்டார், இனி இந்த ஆளுக்கு என் நேரத்தைக் கொடுக்க மாட்டேன் என்றார். மூத்தவர் ஃபைலை வாங்கிப் புரட்டினார். "மூணு தடவை விழுந்தாருன்னு எழுதியிருக்கீங்கம்மா. முதல் தடவை இருபது நாள் இருந்திருக்காரு, ரெண்டாவது ரெண்டு மாசம், மூணாவது ஏழு மாசம். அதை ஏன் எங்கயும் எழுதல? அந்த ஏழு மாசத்துல என்ன நடந்துச்சு?" கவுன்சலருக்குப் பதில் தெரியவில்லை. போய்க் கேட்டபோது, அந்த ஏழு மாதமும் தம்பி பட்டறையில் கூட நின்றிருக்கிறார், தம்பி சிங்கப்பூர் போனதும் பழையபடி ஆகியிருக்கிறார். அடுத்த பிளான் அங்கிருந்து கிளம்பியது. கவுன்சலரின் முகத்தில் உயிர் வந்ததும் அங்கிருந்துதான்.

போதைப் பழக்கத்தில் 40 முதல் 60 சதவீதம் பேர் சிகிச்சைக்குப் பின் மறுபடி வழுக்குகிறார்கள் என்று அமெரிக்காவின் தேசியப் போதைப்பழக்க ஆய்வு நிறுவனம் சொல்கிறது. உயர் ரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் இது இன்னும் அதிகம், 50 முதல் 70. பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு மயங்கி விழுந்து வந்தவரை எந்த டாக்டரும் துரோகி என்று நினைப்பதில்லை. நாம் நினைக்கிறோம். ஃபாலோ-அப் ரிஜிஸ்டரில் ஒவ்வொரு சிவப்பு மையும் நம் மார்க் ஷீட்டில் விழுந்த மாதிரி எடுத்துக்கொள்கிறோம்.

யாரிடம் பேசுவது என்பதுதான் செட்டிநாட்டில் சிக்கல். உள்ளூரிலேயே நாலு மையத்துக்காரர்கள் கூடிப் பேசலாம், செலவு டீக்காசுதான். ஆனால் பெயரைச் சொல்லாவிட்டாலும் "செக்காலைப் பக்கம், அப்பா மலேயாவுல இருந்தவரு, பழைய சாமான் கடை" என்றால் போதும், யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பங்காளி, தாயபிள்ளை உறவில் சுற்றி வளைத்தால் கேட்பவரே சொந்தமாக இருப்பார். நோயாளியின் ரகசியம் போய்விடும். அதனால் கேஸ் பேச்சுக்கு வெளியூர் ஆளே நல்லது. மதுரையில் 1992 முதல் இயங்கும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை, சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய அமைப்பின் டி.டி.கே. மருத்துவமனை போன்ற போதை சிகிச்சை, மனநல இடங்களில் பழுத்த அனுபவமுள்ளவர்கள் இருக்கிறார்கள். பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிமான்ஸ் ஆன்லைனில் கேஸ் விவாதங்கள் நடத்திப் பழகிய நிறுவனம். மையமே ஒரு மூத்தவரை மாதம் ஒரு தடவை வரவழைத்தால் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பேட்டாவோடு முடியும். புது கவுன்சலரைப் பிடித்து, பழக்கி, நோயாளிகள் அவரை நம்ப ஆரம்பிக்கும் வரை ஆகும் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை.

இந்த வழி எதைச் சரிசெய்யாது? சம்பளம் மூன்று மாதம் பாக்கி என்றால் எந்த மூத்தவர் வந்து என்ன பேசினாலும் ஆகாது.

மீண்டு வந்து வேலை பார்ப்பவர்கள்

மையங்களில் வேலை பார்ப்பவர்களில் ஒரு பகுதியினர் தாங்களே குடியிலிருந்து, கஞ்சாவிலிருந்து மீண்டவர்கள். நோயாளிகள் நம்மைவிட அவர்களைத்தான் நம்புவார்கள். மேலே சொன்ன வரிசை இவர்களுக்குப் பொருந்தாது.

நமக்குச் சோர்வு முற்றினால் வேலை கெடும். அவருக்கு முற்றினால் மீட்சியே கெடும். முதல் அறிகுறி, மீண்டவர்கள் கூடிப் பேசும் தன் கூட்டத்துக்குப் போவதை நிறுத்துவது. "நான்தான் தினமும் மீட்டிங் நடத்துறேனே" என்பார். நடத்துவது வேறு, உட்கார்ந்து தன் கதையைச் சொல்வது வேறு. இதைப் பார்த்ததும் அவரை டீடாக்ஸ் வார்டிலிருந்தும், முக்கியமாகப் பை சோதனையிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். மாத்திரைப் பட்டையைக் கையில் தொடும் வேலை அவருக்கு அந்த நேரத்தில் வேண்டாம். லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதும் ஆபத்து. வீட்டில் சும்மா இருந்த நாட்களில்தான் அவர்களில் பலர் முன்பு குடித்தார்கள். வேலையை விடச் சொல்வது எல்லாவற்றையும்விட மோசம். பலர் மையத்திலேயே தங்கிச் சாப்பிடுகிறவர்கள். வேலை போனால் சம்பளம், தங்கும் இடம், ஊரில் கிடைத்த மரியாதை மூன்றும் ஒரே நாளில் போய்விடும். சமையல், ஸ்டோர், தோட்டம், ஃபாலோ-அப் ஊர் சுற்றல் என்று பகல் வேலையில் வைத்துக்கொண்டு, அவருடைய ஸ்பான்சரிடம், அதாவது அந்தக் கூட்டத்தில் அவருக்குத் துணை நிற்கும் மூத்தவரிடம், போய் உட்காரச் சொல்வதுதான் சரி.

பக்கத்து வேலை

நர்ஸ் என்றால் பொது மருத்துவமனை. சமூகப்பணி, உளவியல் படித்தவர் என்றால் மாவட்ட மனநலத் திட்டம், பள்ளி, கல்லூரி. மாவட்ட மனநலத் திட்டத்தில் வேலை பெரும்பாலும் ஒப்பந்தம்தான், ஆனால் ராத்திரி இல்லை. பலவகை நோயாளிகள் வருவதால் மனசு ஒரே பள்ளத்தில் விழுந்து கிடக்காது. பள்ளி கவுன்சலர் வேலை சுகம் என்று நினைத்துப் போகிறவர்கள், உதட்டுக்குள் கூல் லிப் புகையிலைப் பொட்டலம் வைத்துக்கொள்ளும் ஒன்பதாம் வகுப்புப் பையனை முதல் வாரத்திலேயே சந்திப்பார்கள். ஆனால் அங்கே ஆரம்பத்திலேயே பிடிக்கிறோம், அந்தத் திருப்தி வேறு.

செட்டிநாட்டில் நர்ஸுகளுக்கு இன்னொரு வாய்ப்பு வீட்டுப் பராமரிப்பு. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, முகப்பு முதல் கடைசிக் கட்டு வரை நீளும் வீட்டில் ஆச்சி ஒருவர் தனியாக இருப்பார். சம்பளத்தைப் பேசி வாங்கலாம், வசவு இல்லை, பை சோதனை இல்லை. ஆனால் வார்டில் பத்துப் பேர் நடுவில் பழகியவருக்கு அந்த வீட்டின் அமைதி சீக்கிரமே பாரமாகிவிடும். மூன்று மாதத்தில் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். நல்லபடியாக ஒட்டிக்கொண்டவர்களையும் தெரியும், அவர்கள் பெரும்பாலும் வெறும் களைப்பில் போனவர்கள்.

சென்னைக்குப் போகலாம்தான். சம்பளம் கூடும், வாடகையும் கூடும், வார வாரம் பல்லவன் ரயிலில் வந்து போவது இன்னொரு வேலையாகிவிடும்.

விலகல்

இரண்டு நிலைமைகளில் நான் தயங்காமல் விலகச் சொல்வேன். ஒன்று, டியூட்டி மாற்றத்தையும் கேஸ் பேச்சையும் எழுத்தில் கேட்டு, மூன்று மாதம் பார்த்து, ஒன்றும் அசையாதபோது. அசையாத இடத்தில் இருந்துகொண்டு நம்மை நாமே திருத்திக்கொண்டே இருப்பது வீண்.

இரண்டாவது வேறு மாதிரியானது. சில மையங்களில் நோயாளியைக் கட்டிப்போடுகிறார்கள், அடிக்கிறார்கள், வீட்டாரோடு பேச விடுவதில்லை. அங்கே வேலை பார்க்கும் நர்ஸுக்குத் தூக்கம் வராவிட்டால் அதைப் பணிச்சோர்வு என்று பெயர் வைத்து யோகாவுக்கு அனுப்பக் கூடாது. அது மனசாட்சி. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இப்படிப்பட்ட மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும், மனிதத்தன்மையற்ற நடத்தையிலிருந்து பாதுகாப்புப் பெறுவது நோயாளியின் உரிமை. அங்கே லீவு, டியூட்டி மாற்றம் எல்லாம் பேச்சுக்கே இடமில்லை. வெளியே வந்து ஆணையத்துக்கு எழுதுங்கள்.

மற்றவர்கள் விலகுவதற்கு முன்னால் வீட்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும். நகைக் கடன் வட்டி, குழுத் தவணை, பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் என்று மூன்று மாதத்துக்குக் கையில் இருந்தால்தான் அடுத்த வேலையை நிதானமாகத் தேட முடியும். இல்லாவிட்டால் கிடைத்த முதல் மையத்தில் இதைவிட மோசமான டியூட்டிக்கு ஒத்துக்கொள்வீர்கள். கோபத்தில் பாதி மாதத்தில் கிளம்பாதீர்கள். அனுபவச் சான்றிதழும் பி.எஃப். கணக்கும் கைக்கு வரட்டும்.

போகும்போது ஃபாலோ-அப்பில் இருப்பவர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்கள் போனது வாட்ச்மேன் வாயால் தெரிந்தால், அடுத்த மாதம் அவர்களில் பலர் வர மாட்டார்கள். புது கவுன்சலரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொருவருக்கும் அறிமுகப்படுத்துங்கள். சமீபத்தில் டிஸ்சார்ஜ் ஆனவர்களுக்கு முதலில், தனியாக வாழ்பவர்களுக்கு அடுத்து, மாலை போட்டிருப்பவர்களுக்கு அதைக் கழற்றும் நாளுக்கு முன்னால்.